வாயில்லாச் சீவன் சொல்லும் சேதி

மாட்டையும் ஆட்டையும் நாயையும் பூனையையும் ‘வாயில்லாச் சீவன்’ என்று இரங்கிக் கூறுவது நம்மவர் வழக்கம். அன்பு நிறைந்த சொல்தான். எனினும் அச்சொல்லில் ஒரு பிழை இருக்கின்றது என்பதை நாம் நாற்பது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தோம். அவை சொல்லாமல் இருப்பதில்லை. மூச்சினாலும், பல் முரசின் நிறத்தினாலும், நடையினாலும், உணவை மறுப்பதனாலும் ஓயாது சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கேட்கத் தெரியாதவர்கள் நாமே. இதனை எமக்குக் கற்பித்தது புத்தகம் அன்று. எமது வீட்டு முற்றத்தில் உயிர்விட்ட ஒரு நாய்.

எமது வீடு வட்டக்கச்சியில் இருக்கின்றது. இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் கமக்காரர் ஊர் இது. 1950களில் குடியேற்றத் திட்டத்தின் கீழ் வந்து, காடு வெட்டிக் கழனியாக்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இங்கே வாழ்கின்றனர். வளவுதோறும் தென்னையும் மாவும் நிற்கும்; வாய்க்காலுக்கு அப்பால் வயல் விரியும். வயல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலியைத் தேடி வரும் பாம்பும் உண்டு. கல்லூரியிற் பாடஞ் சொல்லிக் கொடுப்பது எமது தொழிலாயினும், வீட்டில் ஒரு கறவைப் பசுவும் சில ஆடுகளும் ஒரு பூனையும் வளர்க்கின்றோம். அவற்றுக்கெல்லாம் காவலாக ஜிம்மி என்னும் செந்நிற நாட்டு நாயொன்று இருந்தது.

2021ஆம் ஆண்டு மாசி மாதம்; பெரும்போக அறுவடை முடிந்த காலம். மாலை ஆறரை மணி இருக்கும். மகள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். அவளை எதிர்கொள்ள ஓடிய ஜிம்மி இடைவழியில் நின்று, வைக்கோற்போரின் அடியைப் பார்த்துக் குரைத்தது. பின்பு ஒரு சீறல் கேட்டது. அடுத்த கணம் நாயின் வீறிடல். வெளிச்சத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, முதுகிற் சங்கிலி கோத்தாற்போல வட்டப் புள்ளிகள் கொண்ட பருத்த பாம்பொன்று வைக்கோலுக்குள் நுழைந்து மறைந்தது. அது கண்ணாடிப் புடையன். ஜிம்மி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எம்மைப் பார்த்து நின்றது.

அடுத்து நாம் செய்தவற்றை ஒளிக்காது எழுதுகின்றோம். காலின் மேற்பாகத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். சவர அலகினாற் கடிவாயைக் கீறினோம். மஞ்சளை அரைத்துப் பூசினோம். எவரோ சொன்னார் என்று தேசிக்காய்ச் சாற்றை வாயைப் பிளந்து ஊற்றினோம். அது புரையேறி, நாய் இருமித் தவித்தது. அயலவர் இருவர் பாம்பைக் கண்டு அடித்தே தீர்வதென்று வைக்கோற்போரை அரைமணி நேரம் கிளறினர்.

“அப்பா, ஜிம்மியின்ர கால் வீங்குது. டொக்டரிட்டைக் கொண்டு போவமே?” என்று மகள் மூன்று முறை கேட்டாள்.

“பொறு பிள்ளை, மருந்து வேலை செய்யட்டும்” என்று மூன்று முறையும் மறுமொழி கூறினோம்.

இரண்டு மணி நேரம் இவ்வாறு கழிந்தது. முரசிலிருந்து இரத்தம் கசியக் கண்ட பின்னரே எமக்கு அச்சம் பிறந்தது. கிளிநொச்சிக்குப் போவதற்கு ஒரு முச்சக்கரவண்டியை அழைத்தோம். வண்டி படலையில் வந்து நின்றபோது ஜிம்மிக்கு மூச்சு இல்லை.

சில நாட்களின் பின் எமது பசுவைப் பார்க்க வந்த கால்நடை வைத்தியரிடம் நடந்ததைக் கூறினோம். அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “சேர், இவ்வளவையும் செய்யாமல், அசையவிடாமல் தூக்கிக்கொண்டு உடனே வந்திருந்தால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்” என்று மெல்லக் கூறினார். பத்து வார்த்தை பேசியிருப்பார். எமது இருபது வருட ஆசிரியத் தொழிலில் நாம் கேட்ட கடுமையான பாடம் அதுவே.

அவர் விளக்கிய காரணங்களை வாசகர்களும் அறிந்திருத்தல் நன்று. புடையனின் நஞ்சு குருதி உறையும் தன்மையைக் கெடுப்பது. அத்தகைய நேரத்திற் கத்தியாற் கீறுவது குருதிப் பெருக்குக்கு நாமே வாயில் திறந்து விடுவதாகும். இறுக்கிக் கட்டிய கயிறு, வீங்கும் காலுக்கு இரத்தம் போகவிடாது தடுத்து அக்காலையே அழிக்கும். மஞ்சளும் தேசிக்காயும் உடலினுள்ளே பரவிய நஞ்சை எட்டமாட்டா. அந்நஞ்சை முறிக்கும் மருந்து ஒன்றே, நச்சுமுறி ஊசி. நம் நாட்டில் வழங்குவது இந்தியாவிலிருந்து வருவது. நாகம், விரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை ஆகிய நான்கு வகைப் பாம்பு நஞ்சுகளுக்கு எதிராகக் குதிரைகளின் குருதியில் உண்டாக்கப்படுவது. மனிதனைக் காப்பதும் ஒரு மிருகத்தின் குருதிதான் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு நாணம் உண்டாகின்றது.

ஆகவே, பாம்பு கடித்த நாயை நடக்கவிடாது தூக்கிச் செல்ல வேண்டும். கடி முகத்திலோ கழுத்திலோ பட்டிருந்தாற் கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட வேண்டும்; வீக்கம் மூச்சை நெரிக்கும். பாம்பைத் தேடி ஒரு நிமிடமும் போக்கலாகாது. புறப்படும்போதே வைத்தியருக்குத் தொலைபேசியிற் சொல்லி, மருந்து எங்கே கிடைக்குமென்று கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவே முதலுதவி. முதலுதவி என்பது சிகிச்சை அன்று. மேலும் கேடு செய்யாமல் உயிரை வைத்தியரின் கையிற் சேர்ப்பது. இந்த ஒரு வாக்கியம் அன்றே தெரிந்திருந்தால் ஜிம்மி பிழைத்திருக்கக் கூடும்.

இனி, ஆபத்து வந்துவிட்டதென்று எப்படி அறிவது? வைத்தியர் இதற்குக் கூறிய விடை எமக்கு வியப்பைத் தந்தது. “சுகமாக இருக்கும்போது பார்த்து வைத்திருப்பவருக்கே சுகவீனம் தெரியும்” என்றார். நலமுள்ள நாயின் மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். முரசு இளஞ்சிவப்பாயும் ஈரமாயும் இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விரலை எடுத்த இரண்டு வினாடிகளுள் மீண்டும் சிவக்கும். அது வெளுத்தோ நீலம் பாய்ந்தோ மஞ்சளித்தோ காணப்பட்டால், அல்லது சிவப்பு மீளத் தாமதித்தால், அன்றிரவு உறங்கி மறுநாள் பார்ப்போம் என்று இருத்தல் ஆகாது. உறங்கும் நாய் நிமிடத்துக்குப் பத்து முதல் முப்பது முறை வரையில் மூச்செடுக்கும். அதன் விலாவைப் பார்த்து எண்ணுவதற்கு ஒரு கடிகாரம் போதும். நாயின் உடற்சூடு இயல்பாகவே 38 பாகை செல்சியசுக்கும் 39 பாகைக்கும் இடையில் இருக்கும். பூனைக்கும் பசுவுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. நமது உடலைவிடச் சூடானது அவற்றின் உடல். ஆதலால் நமது உள்ளங்கையைக் கொண்டு காய்ச்சலை அளத்தலும், மூக்கு உலர்ந்ததைக் கொண்டு நோயைத் தீர்மானித்தலும் நம்பத்தக்கன அல்ல.

சில குறிகளுக்குத் தவணை கிடையாது. மூச்சுத் திணறல், நிற்க முடியாமை, அழுத்தியும் நில்லாத இரத்தம், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, நாய்க்குட்டியின் இரத்தங் கலந்த கழிச்சலும் ஓயாத வாந்தியும் ஆகிய இவை அத்தகையன. பசுவின் இடது விலா மத்தளம்போல் உப்பி, அது மூச்சுக்குத் தவிப்பதும் அவ்வாறே. ஆண் பூனை மண்ணைத் தோண்டித் தோண்டிக் குந்தியும் சிறுநீர் ஒரு துளியும் வராது கத்துமாயின், அதை மலச்சிக்கலென்று எண்ணி ஆமணக்கெண்ணெய் தேடுவோர் உளர். உண்மையில் அதன் நீர்த்துவாரம் அடைபட்டிருக்கலாம். ஒரு நாட் தாமதமும் அதன் உயிரைக் குடிக்கும்.

நமது ஊர்களுக்கே உரிய ஆபத்து இன்னொன்று உண்டு. வயலுக்கு மருந்தடித்த பின் வாய்க்கால் நீரைக் குடித்த நாய் வாயில் நீர் வடிய, கண்ணின் பாவை சுருங்க, தசை துடிக்க விழுமாயின், அது பூச்சிகொல்லி நஞ்சாக இருக்கலாம். அதை வாந்தியெடுக்கச் செய்வதற்கு உப்பைக் கரைத்து ஊற்றுவது பெருந்தவறு. நஞ்சு திரும்பி வரும்போது நுரையீரலுள் இறங்கலாம். மிகுந்த உப்பே நாய்க்கு மற்றுமொரு நஞ்சு. உடலில் மருந்து பட்டிருந்தால், கையுறை அணிந்து சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் மேலொட்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுவதே முறை. நமக்கு நன்மை செய்யும் மாத்திரை நமது பிராணிக்கும் நன்மை செய்யும் என்ற எண்ணமும் வேண்டாம். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோல் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

வெயிலையும் மறக்கலாகாது. நம்மைப்போல் உடலெங்கும் வியர்த்துக் குளிர்வதற்கு நாயால் இயலாது. நாவை நீட்டி இளைத்தே அது சூட்டைத் தணிக்கும். நிழலற்ற இடத்திற் சங்கிலியிற் கட்டுண்ட நாய் ஓயாது இளைத்துத் தள்ளாடுமாயின், நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் சாதாரண நீரை வார்த்து விசிற வேண்டும். ஈரச் சாக்கினாற் போர்த்து மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் குடிக்க நீர் வைக்கலாம்.

இவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்தோம். எழுதியதைச் செய்யவேண்டிய இரவு விரைவிலேயே வந்தது.

2022ஆம் ஆண்டு மார்கழி 8ஆம், 9ஆம் திகதிகளை வன்னி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாண்டஸ் புயல் வங்கக் கடலைக் கடந்துகொண்டிருந்தது. மழையைவிடக் கொடிதாயிருந்தது காற்று. அதனிலும் கொடிதாயிருந்தது குளிர். வெப்பத்துக்கே பழகிய நமது மாடுகளும் ஆடுகளும் வெட்டவெளிப் பட்டிகளில் நனைந்து நடுங்கின. வடக்கிலும் கிழக்கிலும் அந்நாட்களில் நூற்றுக்கணக்கான கால்நடைகள் மடிந்தன. நோயோ நஞ்சோ என்று முதலில் மயங்கியவர்கள், பின்னர் குளிரே காரணமென்று அறிந்தனர்.

அன்றிரவு எமது ஆட்டுக் கொட்டிலில் மூன்று குட்டிகள் சாய்ந்து கிடந்தன. வாய்க்குள் விரலை வைத்தால் உட்புறமும் குளிர்ந்திருந்தது. அடுத்த வளவு ஆச்சி நனைந்தபடியே ஓடிவந்து, “பாலைக் காய்ச்சிப் பருக்குங்கோ தம்பி” என்றார். எமது கையும் பாற்சட்டியை நோக்கிப் போயிற்று. அக்கணம் தேசிக்காய்ச் சாறு புரையேறி இருமிய ஜிம்மியின் முகம் நினைவுக்கு வந்தது. விழுங்கும் வலுவற்ற குட்டிக்குப் பால் ஊற்றினால் அது சுவாசத்துக்குள் இறங்கும் என்று கொப்பியில் எழுதியிருந்தோம். “முதலில் சூடு, பிறகு பால், ஆச்சி” என்றோம். குட்டிகளை வீட்டுக்குள் எடுத்து, துவாயால் ஈரம் போகத் துடைத்தோம். போத்தல்களில் இளஞ்சூட்டு நீரை நிரப்பி, துணி சுற்றி, அவற்றின் விலாவை அணைத்து வைத்தோம். கொட்டிலின் காற்றுப் பக்கத்தைத் தறப்பாளால் மறைத்து, பசுவின் அடியில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பினோம். நள்ளிரவின் பின் இரண்டு குட்டிகள் தலையைத் தூக்கி, விரலைச் சூப்பத் தொடங்கின. அப்போதுதான் பால் கொடுத்தோம். மூன்றாவது குட்டி விடியுமுன் இறந்துவிட்டது.

ஆச்சி அதனருகில் நெடுநேரம் இருந்தார். “ஓடேக்க கயிற்றை அவிட்டு விட்டுட்டுத்தானே போனனாங்கள். திரும்பிப் பாக்கவும் இல்லை” என்றார். அவர் எதைச் சொன்னார் என்பது எமக்குத் தெரியும். 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இவ்வூர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, பிள்ளைகளைத் தூக்குவதற்கே கை போதாதவர்கள் மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போயினர். வண்டிகளின் பின்னே ஓடிவந்த நாய்கள் எவ்விடத்தில் நின்றுவிட்டன என்பதை எவரும் அறியார். அன்று நம்மால் இயலவில்லை. அதற்கு நாம் பழியாளிகள் அல்லர். இன்று வீதி உண்டு, தொலைபேசி உண்டு, கிளிநொச்சியில் அரச கால்நடை வைத்தியம் உண்டு. இன்று ஒரு பிராணி நமது முற்றத்தில் நமது அறியாமையால் இறக்குமாயின், அதற்கு யுத்தத்தைக் காரணங் காட்ட முடியாது.

பிராணியின் குறியை அறிவது மனிதரையும் காக்கும் என்பதற்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அண்மையில் எமது வகுப்பு மாணவனொருவன் வலது கையில் துணி சுற்றி வந்தான். காரணத்தைக் கேட்டோம். “நாயின்ர தொண்டையில எலும்பு சிக்கிப் போச்சு, சேர். கையை விட்டுப் பார்த்தனான், பல்லுக் கீறிப்போட்டுது” என்றான். மேலும் கேட்டதில், நாயின் கீழ்த்தாடை தொங்குவதாகவும், எச்சில் ஒழுகுவதாகவும், குரல் மாறியிருப்பதாகவும், இரண்டு நாளாக இருட்டு மூலையிற் படுத்திருப்பதாகவும் கூறினான். எமக்கு உடல் நடுங்கியது. துரத்தித் துரத்திக் கடிப்பது மாத்திரம் விசர் நாயன்று. தாடை தளர்ந்து, ஊமைபோல் ஒடுங்கிக் கிடக்கும் விசரும் உண்டு. அதனை எலும்பு சிக்கியதென்று எண்ணி வாய்க்குள் கைவிட்டவர்கள் பலர்.

கல்லூரிக் குழாயடியிற் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் அவன் கையைக் கழுவுவித்தோம். பின் தந்தையாரை அழைத்து, அப்பொழுதே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகின்றது. நாயை எவரும் தொடாது அடைத்து வைக்கச் சொன்னோம். மூன்றாம் நாள் அது இறந்தது. மாணவன் ஊசிகளை ஒழுங்காகப் போட்டு முடித்து, இன்று முன்வாங்கில் இருந்து எம்மைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கின்றான். 1885ஆம் ஆண்டு பாரிசு நகரில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனொருவனுக்கு இந்நோய்க்கான தடுப்பு மருந்தை முதன்முதற் செலுத்தினார். அன்று தொட்டு இந்நோயைத் தடுக்க வழி உண்டு. குறிகள் தோன்றிய பின்னரோ வழி இல்லையென்றே சொல்லலாம். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவிப்பது நாய்க்குச் செய்யும் உபகாரம் மாத்திரம் அன்று. வீட்டுப் பிள்ளைக்கும் செய்யும் காவல்.

கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழன் கதையை நாம் வகுப்பிற் சொல்லி மகிழ்கின்றோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி, மனிதருக்கு ஒன்றும் விலங்குகளுக்கு ஒன்றுமாக இருவகை மருத்துவத்தை ஏற்படுத்தியதைக் கிர்நார்ப் பாறையிற் பொறித்தார். அந்த ஏற்பாடு சென்ற நாடுகளுள் சோழ நாட்டையும் பாண்டிய நாட்டையும், தம்பபண்ணி என்ற பெயரால் நமது இலங்கையையும் குறித்தார். இவ்வளவு பழைமையான தருமத்துக்கு உரியவர்கள் நாம், நாயின் முரசு என்ன நிறமென்று அறியாதிருத்தல் தகுமா?

எமது வீட்டில் இப்போது ஒரு தகரப் பெட்டி இருக்கின்றது. சுத்தமான துணிச் சுருள், கையுறை, உடற்சூடு பார்க்கும் கருவி, சவர்க்காரம், அடிபட்ட நாயின் வாயைக் கட்டுவதற்கு ஒரு நாடா ஆகியவை அதில் உள்ளன. வலி மிகுந்தால் அன்புள்ள நாயும் கடிக்கும். எனினும் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் வாயைக் கட்டலாகாது. பெட்டியின் மூடியில் வைத்தியரின் தொலைபேசி எண்ணை மகள் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கின்றாள். வைக்கோற்போரை வீட்டிலிருந்து தூரத்துக்கு மாற்றிவிட்டோம். புதிதாக ஒரு நாய்க்குட்டியும் வந்திருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் மகள் அதன் உதட்டை உயர்த்திப் பார்க்கின்றாள். உறங்கும்போது மூச்சை எண்ணி, கொப்பியிற் குறிக்கின்றாள். அவள் சொல்வதை இப்போது நாம் முதல் முறையிலேயே கேட்கின்றோம்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். இப்பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, உங்கள் வாசலிற் படுத்திருக்கும் அந்தச் சீவனின் அருகில் ஐந்து நிமிடம் இருங்கள். அது நலமாயிருக்கும்போது எவ்வாறு இருக்கின்றதென்று பார்த்து வையுங்கள்.